ஹாஜியார் வீட்டு மீனுக்குத் தோல் வருத்தம்

1. அழைப்பு

"டொக்டர், எங்கட ஊட்டுப் புள்ளைக்குத் தோலெல்லாம் வெடிச்சிப் போச்சி. உடனே வரேலுமா?"

நான் அப்போது சம்மாந்துறைப் பக்கம் ஒரு மாட்டுப் பட்டியில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஊசி, கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் போன்.

"நான் மாட்டு டொக்டர், ஹாஜியார். புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. தோல் கிளினிக் இரிக்கி" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "மீன், டொக்டர்" என்றார்.

கால்நடை வைத்தியராக நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்தி நடந்தது இது. என் வேலைக்காலம் முழுவதும் மாடும் ஆடும் கோழியும்தான். பல்கலைக்கழகத்தில் மீன் நோய்களைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதை நான் சோதனைக்காகப் படித்து, சோதனை முடிந்ததும் மறந்திருந்தேன். இதைச் சொன்னால் ஹாஜியார் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர், "மாட்டுக்கும் தோல்தான், மீனுக்கும் தோல்தான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

2. மீனின் அந்தஸ்து

தஸீம் ஹாஜியாருக்குச் சாய்ந்தமருதில் சிமெந்து ஏஜென்சி. மகளுக்குக் கட்டிய புது வீட்டில்தான் அந்த மீன் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். வீட்டோடு கட்டில், அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் போகும். ஹாஜியார் அவற்றோடு ஒரு மீனையும் சேர்த்திருந்தார். கலியாணம் வரைக்கும் அவருடைய குடும்பமும் அந்த வீட்டில்தான் இருந்தது.

வாசலுக்கு நேரே, ஹோலின் முழுச் சுவரையும் அடைத்து ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஆறு வயதுப் பிள்ளையின் நீளத்துக்கு ஒரு மீன். கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, செம்மஞ்சள் வால், முகத்தில் நீண்ட மீசைகள். நம்முடைய கெளிற்று மீனின் பணக்காரச் சொந்தக்காரன் என்று சொல்லலாம். நான் அப்படித்தான் சொன்னேன்.

"கெளிறெண்டு சொல்லாதீங்க டொக்டர்" என்றார் ஹாஜியார். "கெளிறு சந்தையில கிடக்கிறது. இது ரெட் டெய்ல். பேரு சுல்தான்."

சுல்தானின் இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. புண்ணின் ஓரத்தில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மீன் அடியில் படுத்து, மூச்சை வேகமாக வாங்கியது. அந்தத் தண்ணீரின் நிறத்தை நான் அதற்கு முன் எங்கும் கண்டதில்லை. நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையில் என்னவோ ஒரு நிறம்.

"தண்ணிக்குள்ள என்ன போட்டீங்க?"

ஹாஜியாரின் மச்சான் ரிஸ்வி முன்னுக்கு வந்தார். ரிஸ்விக்கு வேலையென்று ஒன்றும் இல்லை. ஆனால் யூடியூப் இருந்தது.

"முதல்ல உப்புப் போட்டம். சரிவரல்ல. மறுகா மஞ்சள். அதுக்குப் பொறகு கல்முனையில மீன் கடையில நீல மருந்து தந்தான். அதுவும் சரிவரல்ல. பார்மசியில கெப்சூல் வாங்கி உடைச்சிப் போட்டன்."

"மனிசர் குடிக்கிற கெப்சூலா?"

"நல்ல கெப்சூல், டொக்டர். வாப்பாக்கும் அதுதான் குடுத்த."

வாப்பா எப்படியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் இளம் வைத்தியர்களுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். இந்த இன மீன்களுக்குச் செதில் இல்லை. தோலும் அதன் மேல் இருக்கிற வழுவழுப்பும்தான் அவற்றுக்குக் கவசம். செதில் மீன் தாங்குகிற உப்பையும் சாய மருந்தையும் இவை தாங்கமாட்டா. மருந்து கட்டாயம் கொடுக்க வேண்டி வந்தால் பாதி அளவில் தொடங்க வேண்டும். ரிஸ்வி எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

"டொக்டர், வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஊட்டாக்கள் ஊடு பாக்க வாறாங்க" என்றார் ஹாஜியார். "போன முறை வந்தப்போ மாப்பிள்ளைட வாப்பா இந்த மீனுக்கு முன்னால அரை மணித்தியாலம் நிண்டவர். இப்ப இப்படிக் கண்டாரெண்டா என்ன நினைப்பார்? ஊட்டுல நோய் வருத்தம் இரிக்கெண்டுதானே நினைப்பார்."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாக அவர் சொல்லவில்லை. ஊரில் கலியாணம் குழம்புவதற்கு இதைவிடச் சின்னக் காரணங்களும் போதும்.

3. பரிசோதனை

மீன் பண்ணையில் வேலை செய்கிற என் பழைய வகுப்புத் தோழிக்கு போன் எடுத்து, மறந்த பாடத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். ஈரத் துவாயில் மீனைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லி, புண்ணின் ஓரத்தைக் கண்ணாடித் தகட்டால் மெல்லச் சுரண்டி எடுத்தேன். அலுவலக நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது ஒட்டுண்ணி ஒன்றும் தெரியவில்லை. செத்த தோலும், அதில் பின்னால் வந்து குடியேறிய பூஞ்சண நூல்களும்தான் இருந்தன. தண்ணீரைச் சோதித்தால் அமோனியா ஏறிக் கிடந்தது. ஊற்றிய மருந்துகள் வடிகட்டியில் வாழ்கிற நல்ல கிருமிகளைக் கொன்றிருக்க வேண்டும். அந்தக் கிருமிகள் இல்லாமல் மீன் தன் கழிவிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்குவதற்குக் காரணம் விளங்கியது. புண்ணுக்கு விளங்கவில்லை. தண்ணீர் கெட்டுத் தோல் போனால் உடம்பு முழுக்கப் போக வேண்டும். இந்தப் புண் இடது பக்கம் மட்டும் இருந்தது. அதன் மேல் ஓரம் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியதைப் போல நேராக இருந்தது. எந்த நோயும் அடிமட்டம் கொண்டு வருவதில்லை.

மறுநாள் திரும்பப் போனேன். ஹாஜியார், ரிஸ்வி, இன்னும் இரண்டு அயல்வீட்டார் ஹோலில் உட்கார்ந்து மீனைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணூறு என்றார். ஒருவர் கொழும்பிலிருந்து வந்த தீனியில் பிழை என்றார். ஏசி காற்றில் எனக்குக் குளிர் எடுத்தது. ஆண்களின் மாநாடு முடிகிற பாடாக இல்லை. பெண் என்ற உரிமையில் நான் எழும்பிக் குசினிப் பக்கம் போனேன்.

ஹாஜியாரின் மனைவி ஜெஸீமா ராத்தா இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"இது கறிக்கா ராத்தா?"

"சுல்தானுக்கு. எண்ட கையால குடுத்தாத்தான் அது தின்னும். இப்ப அதுவும் தின்னுதில்ல." சொல்லும்போது அவர் கை இறாலிலேயே நின்றுவிட்டது. "தங்கச்சி, அது செத்துப் போகுமா?"

அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. கலியாணம் குழம்புமா என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"பாப்பம் ராத்தா. அது நாள் முழுக்க என்ன செய்யும்? நீங்கதானே ஊட்டுல இரிக்கிற."

"காலையில சுத்தித் திரியும். நான் கண்ணாடி துடைக்கக்குள்ள எண்ட கைக்குப் பின்னால வரும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு இவங்க வந்து ஏசியப் போடுவாங்க. ஏசி போட்டா அது அந்த மூலைக்குப் போயிரும். கல்லுக்குப் பின்னால சாஞ்சி படுத்திரும். ஏசி நிண்டாத்தான் மறுகா வெளிய வரும்."

"எந்தப் பக்கம் சாஞ்சி?"

அவர் யோசித்துப் பார்த்து, தன் இடது விலாவைத் தொட்டுக் காட்டினார்.

"இத யாருக்கிட்டயும் சொல்லல்லயா?"

"யாரு கேட்ட?"

4. கல்லுக்குப் பின்னால்

ஹோலுக்குத் திரும்பி வந்து, அந்தச் செயற்கைக் கல்லை எடுக்கச் சொன்னேன். பின்னால் கண்ணாடிக் குழாய் வடிவத்தில் ஒரு ஹீட்டர் சுவரோடு ஒட்டியிருந்தது. சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"இது என்னத்துக்கு?"

"தொட்டியோட வந்த செட், டொக்டர்" என்றார் ரிஸ்வி. "இந்த மீன் சூடான நாட்டு மீன். தண்ணி ஆறக்கூடாதாம்."

கல்முனைக் கரையில், வெயிலுக்குத் தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற ஊரில், மீனுக்குச் சூடு காணாது என்று ஒரு கருவி. ஹோலைக் குளிராக்க ஏசி, குளிர்ந்த ஹோலில் தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடித்தன. நடுவில் மீன் குளிருக்கு ஒதுங்கி ஹீட்டரில் சாய்ந்து, தெரியாமலே தோலைச் சுட்டுக்கொண்டது.

"இது வருத்தமில்ல, ஹாஜியார். சூட்டுக்காயம்" என்றேன்.

ஹீட்டரைக் கழற்றினோம். நாளுக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றச் சொன்னேன். குழாய்த் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, குளோரின் போக வைத்துத்தான் ஊற்ற வேண்டும். மீன் தானாகத் தேடி வரும்வரை தீனியை நிறுத்தி வைக்கச் சொன்னேன். வேறொன்றும் வேண்டாம்.

ஹாஜியாரின் முகம் வாடிவிட்டது. "மருந்தொண்டும் எழுதல்லயா?"

"ஏசிய நிப்பாட்டுங்க. அதுதான் மருந்து."

"வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஊட்டாக்கள் வாறாங்க, டொக்டர். ஏசியில்லாம எப்படி? இந்த ஹோலுக்கு ஃபேன் மாட்ட ஒரு கொக்கி கூட நான் வைக்கல்ல."

"மீன் வேணுமா, ஏசி வேணுமா?"

அவர் தொட்டியையும் ஏசியையும் மாறி மாறிப் பார்த்தார். ரிஸ்வி இரண்டையும் சமாளிக்க ஒரு வழி இருப்பதாகவும் அதற்கு ஒரு வீடியோ பார்க்க வேண்டுமென்றும் சொன்னார். அதற்கிடையில் ஜெஸீமா ராத்தா வந்து, மேசையில் இருந்த ஏசி ரிமோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ரிமோட் அதற்குப் பிறகு கிடைக்கவேயில்லை.

5. வெள்ளிக்கிழமை

ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் பாலமுனையிலிருந்து வந்தார்கள். "ஒரு பேச்சுக்கு நீங்களும் இருந்தா நல்லம்" என்று ஹாஜியார் என்னையும் கூப்பிட்டிருந்தார். சீரியசான நோயாளிக்கு அருகில் வைத்தியர் இருக்க வேண்டும் என்ற மாதிரி.

ஹோல் அடுப்பு மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். சால்வையால் கழுத்தைத் துடைத்தார். ஹாஜியார் அவரைவிட அதிகமாக வியர்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் எழும்பி, வீடு கட்டிய நாளிலிருந்து இழுத்து மூடியிருந்த கனத்த திரைகளை ஒதுக்கி, கடல் பக்கத்து ஜன்னல்களைத் திறந்தார்.

காற்று வந்தது. சால்வை நுனி எழும்பிப் பறக்கிற அளவுக்கு வந்தது.

அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன காத்து இது. எங்கட ஊட்டுல ஏசியப் போட்டுப் போட்டு எல்லாருக்கும் தடிமனும் தும்மலும்."

"அதுக்காகத்தான் நான் ஏசி போடுறதில்ல" என்றார் ஹாஜியார். அவருடைய தலைக்கு நேர் மேலே ஏசி வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதிபர் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். "இதென்ன காயம்?"

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்க முதல், உள்கதவடியில் நின்ற ஜெஸீமா ராத்தா சொன்னார். "சூடு பட்டிட்டுது. இப்ப ஆறிட்டு வருது. காலையில ஒரு இறால் திண்டுச்சி."

இறால் தின்ற கதை எனக்கும் அப்போதுதான் தெரியும். அதிபர் தலையை ஆட்டிவிட்டு, "மீன் இன்னும் வளரும் போலகிடக்கே. இந்தத் தொட்டி காணுமா?" என்று கேட்டார்.

அது சரியான கேள்வி. போதாது என்று நான் சொன்னேன். இந்த மீனைத் தொட்டிக்கு ஏற்றபடி வளர்க்க முடியாது, குளத்திலோ களப்பிலோ கொண்டுபோய் விடவும் கூடாது, அங்கேயுள்ள மீன்களை மிச்சம் வைக்காது என்றும் சொன்னேன். சிமெந்து ஏஜென்சிக்காரர் வீட்டில் சிமெந்துக்குப் பஞ்சமில்லை. கலியாணத்துக்கு முன்னமே வீட்டு வளவில் மரநிழலில் ஒரு பெரிய தொட்டி கட்டப்பட்டது. புண்ணில் புதுத் தோல் முதலில் வெளிறி வந்து, பிறகு மெல்லக் கறுத்தது. கலியாணமும் நடந்தது.

6. புது வைத்தியர்

அதன் பிறகு ஊரில் இரண்டு மீன் வைத்தியர்கள் ஆனோம். நானும் ஹாஜியாரும்.

யார் மீனுக்கு என்ன வந்தாலும் அவர் போனிலேயே சொல்லிவிடுவார்: "ஹீட்டர்தான். நான்தான் கண்டுபிடிச்ச. கழட்டுங்க." கல்முனையில் ஒரு கடைக்காரரின் பெரிய கெளிற்றுக்கு உடம்பெல்லாம் உப்புத் தூவியதைப் போல வெள்ளைப் புள்ளி. அவரும் ஹாஜியாரைக் கேட்டிருக்கிறார். அவருடைய தொட்டியில் ஹீட்டரே இல்லை. ஆனாலும் பெரிய மனிதர் சொன்ன சொல் ஆயிற்றே என்று மின்சாரத்தில் ஓடிய எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டார், காற்று மோட்டர் உட்பட. நான் போனபோது மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

முதலில் மோட்டரை மாட்டினேன். பிறகு சுரண்டிப் பார்த்தேன். இந்த முறை நுணுக்குக்காட்டியில் உருண்டை உருண்டையாக ஒட்டுண்ணிகள் சுழன்றுகொண்டிருந்தன. இதற்கு மருந்து வேண்டும், ஆனால் பாதி அளவில். அதை எழுதிக் கொடுத்துவிட்டு, "புது மீன் ஏதும் இந்தத் தொட்டிக்குள்ள விட்டீங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் இல்லை என்றார். கடையைக் கூட்டுகிற பெண் விளக்குமாற்றை நிறுத்தி, "போன கிழமை சின்ன மீன் கொஞ்சம் விட்டீங்களே, முதலாளி" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு வீட்டில் சுகப்படுத்திய மருந்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கேள்வியைக் கொண்டு போங்கள். அதையும் பெரிய கதிரையில் இருக்கிறவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள்.