அண்ணாவின் ‘யெஸ்’

பருத்தித்துறையில் பிறந்து, அங்கேயே பத்து வருடம் ஆங்கில ஆசிரியராக இருந்து, எண்பத்து மூன்றின் கடைசியில் சிட்னிக்கு வந்த எங்கள் அண்ணா இன்று எங்களோடு இல்லை. இதை எழுதவே கை வருகுதில்லை.

இங்கே அவருக்குக் கிடைத்தது செவன் ஹில்ஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. அதற்காக அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. என் விண்ணப்பங்களில் ஆங்கிலப் பிழை கண்டால்தான் சுளிப்பார்.

அந்த வேலைத்தலத்தில் அறிமுகமானவர்தான் அமெரிக்கன் அங்கிள். என் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவர் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர். சொந்த நாட்டில் பட்டத்துக்கான சண்டை கைக்கெட்டும் நேரத்தில் அடுத்தடுத்துத் தோற்று, மீண்டும் தொடங்க இங்கே வந்தவர். கோழி உரிப்பதையே பார்க்கமாட்டாத அண்ணா, அவருக்காகக் கைக்குத் துணி சுற்றவும் காயத்தில் இரத்தத்தை நிறுத்தவும் பழகினார். ஒவ்வொரு சண்டையிலும் மேடையில் அவருடைய மூலையில் உதவியாளராக நின்றார்; தேவையானால் சண்டையை நிறுத்தச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது.

வெற்றிகள் வந்தன. மெல்பேர்ன் சண்டையிலும் வென்றால் அமெரிக்காவுக்குத் திரும்ப அழைப்பார்கள் என்ற நிலை. ஆனால் இடது கண் பழுதாகிக்கொண்டிருந்தது. அது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். “என் சண்டையை நீ நிறுத்தினால் அன்றோடு நம் நட்பு முடிந்தது” என்று அங்கிள் எங்கள் குசினியில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அண்ணா அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

சண்டையன்று நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். எட்டாம் சுற்று முடிந்தபோது அந்தக் கண் முற்றாக மூடிவிட்டது. இடப்பக்கம் வந்த ஒரு குத்தையும் அவர் காணவில்லை.

“அண்ணா, காணும், நிப்பாட்டுங்கோ அண்ணா!” என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை.

நடுவர் வந்து, “நிறுத்துவது உங்களுக்கு விருப்பமில்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணா “யெஸ்” என்றார். நடுவர் இரு கைகளையும் விரித்துச் சண்டையை முடித்துவிட்டார்.

அங்கிள் தான் இருந்த கதிரையை உதைத்தார். அண்ணா மன்றாடி விளக்கினார்: தமிழில் இப்படிக் கேட்டால் ‘ஓம், விருப்பமில்லை’ என்போம், அந்தப் பழக்கத்தில் வாய் தவறிவிட்டது, ஆங்கிலத்தில் அது ‘நிறுத்துங்கள்’ என்றாகிவிட்டது. மாதக்கணக்கில் பேசாதிருந்த அங்கிள், பிழைதானே என்று மன்னித்து வந்தார். பிறகு அவர் சண்டை போடவில்லை, கண் தப்பியது. எங்கள் ஆட்களோ “யெஸ் மாஸ்டர் வாறார்” என்று வருடக்கணக்காகப் பகிடி பண்ணினார்கள். அண்ணா சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் கேட்டேன்: “அண்ணா, அண்டைக்கு உண்மையா வாய் தவறினதோ?”

“பத்து வருசம் அந்தப் பாடத்தைத்தானே, தங்கச்சி, பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான். அவனுக்குச் சொல்லிப்போடாதை.”

அண்ணாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், ஹரிஸ் பார்க்கிலிருந்து நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த நண்பர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசி நன்றி அங்கிளுக்கு. இறுதிக் கிரியையன்று அவர் பெட்டியருகே நின்று, இரண்டு கண்களாலும் அண்ணாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: “அன்றைக்கு நிறுத்துவது அவருக்கு விருப்பமில்லைத்தானே?”

நான் “யெஸ்” என்றேன்.

எந்த மொழி ‘யெஸ்’ என்று அவர் கேட்கவில்லை. குனிந்து அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.