டீ வடிகட்டியும் ஒரு பொய்க் கல்லும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதம். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் ஒரு யூனிட்டில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்தே இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்று ஒரு வலி. வாயுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். பதினொரு மணி வாக்கில் அது முதுகிலிருந்து அடிவயிறு வரை இழுத்துப் பிடித்தது பாருங்கள், இரண்டு பிள்ளை பெற்ற எனக்கே பிரசவ வலி தேவலை என்று ஆகிவிட்டது. வாந்தி வேறு. கூட வேலை பார்க்கிறவர்கள் ஆட்டோவில் ஏற்றி, ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

ஸ்கேனில், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஐந்து மில்லிமீட்டர் கல். அது அடைத்ததில் சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது. அநேகமாகத் தானாக வந்துவிடும், அதுவரை இங்கேயே இருங்கள் என்றார் டாக்டர். ஊசி போட்டு வலி அடங்கியதும் ஒரு நர்ஸ் வந்து புத்தம் புது டீ வடிகட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஒவ்வொரு முறை ஒன்றுக்குப் போகும்போதும் இதில் பிடிக்க வேண்டுமாம். கல் விழுந்தால் அது எந்த வகை என்று பார்த்து, மறுபடி வராமல் தடுக்கலாமாம். நல்ல வேலை கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கவலையே வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கு அந்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு. ஒன்பது வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. அம்மா இல்லை. அம்மா இடத்தில் நின்று முதல் வளையல் போட வேண்டியவள் நான். வார்டில் தரை துடைக்க வந்தவர் வரைக்கும் இதைச் சொல்லியாயிற்று.

வியாழக்கிழமை வலி சுத்தமாக நின்றுவிட்டது. கல்தான் வரவில்லை. வலியே இல்லை, இனி எதற்கு இங்கே படுத்திருப்பது? மருத்துவமனைக்குப் பின்னால் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலார நடக்கிறவளைப்போலப் போய், ஜல்லிக் குவியலில் ஒரு பொடிக் கல்லைப் பொறுக்கி, கழுவி, வடிகட்டியில் போட்டு, "சிஸ்டர், வந்துருச்சு!" என்று நீட்டினேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. நர்ஸ் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எக்கா, இது உங்க கல்லு இல்ல. சிமெண்டு ஒட்டியிருக்கு."

அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் திட்டவில்லை.

"வலி நின்னா கல்லு போயிருச்சுன்னு அர்த்தமில்லக்கா. அது அங்கனயே அடைச்சுக்கிட்டு இருந்தா, வலிக்காமலே கிட்னி கெட்டுப்போகும். தங்கச்சி பிள்ளையத் தூக்கி வளக்க நீங்க வேணாமா? செத்த பொறுங்க, நான் கேட்டுப் பாக்கேன்."

என் திருட்டுத்தனத்தை டாக்டரிடம் அவர் மூச்சுவிடவில்லை. இன்னொரு ஸ்கேன் பார்த்துவிடலாமா என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் பார்த்தால், கல் மூத்திரப்பைக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. வீக்கமும் குறைந்திருந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அதனால் காலையில் மூன்று மணி நேரம் போய்வரலாம் என்று அவரே பேசி அனுமதி வாங்கினார். வலி எடுத்தாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ அந்த நிமிடமே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். கைப்பையில் வடிகட்டியையும் அவரே வைத்தார்.

முதல் வளையல் நான்தான் போட்டேன். என் இடது கையில் ஊசி ட்யூபும் பிளாஸ்திரியும் இருந்ததால், எனக்கு வலது கையில் மட்டும் அடுக்கினார்கள். தங்கை முகத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் நிற்கிறேன், நான் கைப்பையை வைத்திருந்த அடுப்படியிலிருந்து அவள் மாமியார் குரல்:

"ஏட்டி, வடிகட்டி இல்லாம இங்க அல்லாடுதோம், நீ பைக்குள்ளயே வச்சிருக்கியே!"

"அய்யோ அத்தை, அதத் தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வீடே திரும்பிப் பார்த்தது. காரணத்தைச் சொல்லாமல் தப்ப முடியவில்லை. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் ஆளாளுக்கு மோரும் இளநீருமாகக் கொண்டுவந்து நீட்டினார்கள். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த வீட்டுப் பாத்ரூமில் சுருக்கென்று ஒரு குத்தல், வடிகட்டியில் சின்னதாக ஒரு சத்தம். குருணை அளவில், பழுப்பு நிறத்தில், முள் முள்ளாக ஒரு கல். இத்தனூண்டா என்னை அந்தப் பாடு படுத்தியது?

தாளில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸ் பார்த்தார், சிரித்தார். "இதுல சிமெண்டு இல்லக்கா."

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது, வேலை நேரத்தில் எம்புட்டுத் தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். யூனிட்டில் முப்பது பெண்களுக்கு ஒரே பாத்ரூம். எழுந்து போனால் துணி குவிந்துவிடும். அதனால் காலையில் ஒரு வாய், மதியம் ஒரு வாய். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெஷினில் எப்போது கை நிற்கும் என்றார். பாபினில் நூல் தீரும்போது என்றேன். "அப்போ ஒவ்வொரு பாபினுக்கும் ஒரு டம்ளர்" என்றார்.

அப்படியே செய்தேன். ஒரு மாதத்தில் எங்கள் வரிசை முழுக்கப் பாட்டில் வந்துவிட்டது. முதலில் முறைத்த ஓனர், பாத்ரூம் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்று கட்டிக்கொடுத்தார். தங்கை மகனுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான்.

பாபின் தீர்ந்து டம்ளரைக் கையில் எடுக்கும்போதெல்லாம், என் பொய்யை யாரிடமும் காட்டிக்கொடுக்காமல், அந்தப் பொய்யோடு என்னை வீட்டுக்கும் அனுப்பாமல் இருந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டுதான் முதல் மடக்கு குடிக்கிறேன்.