இரண்டாவது கூடை

எங்கள் கலைப் பூங்காவில் சுகெர்தி அக்காவைப் போல் பயந்தாங்கொள்ளி யாரும் கிடையாது. பல்லி கத்தினால் பயம், மேனேஜர் இருமினால் பயம். ஆனாலும் ஆட்ட முகமூடிகள் இருக்கும் அறைச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். தோல்பாவைகளைக் காற்றாட விடுவது, துணி ஓவியங்களில் பூஞ்சை துடைப்பது, முகமூடிகளுக்குப் படையல் வைப்பது எல்லாம் அவள்தான். நான் மத்தளம் அடிக்கிறவன். வாய் கொஞ்சம் நீளம்.

அந்த அறையில் சூனியக்காரி ரங்டாவுக்கு இரண்டு முகமூடிகள், இரண்டு கூடைகளில். கோரைப்பல், தொங்கும் நாக்கு, பிதுங்கிய கண். ஒன்று பூசாரி மந்திரம் சொல்லி உயிர் ஏற்றியது. கோயில் திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும், மற்ற நாளெல்லாம் கூடையைப் பூசாரியே நூலால் கட்டி வைத்திருப்பார். மற்றது வெறும் கட்டை. தினமும் பஸ்ஸில் வந்திறங்கும் சுற்றுலாக்காரர்களுக்கு ஆடிக்காட்ட. உயிருள்ளவள் எதிரே வந்தால் குறுவாள் ஆட்டக்காரர்களுக்கு அருள் இறங்கும், நிஜமாகவே மார்பில் குத்திக்கொள்வார்கள். கோயிலில் என்றால் பூசாரி தீர்த்தம் தெளித்து மலையேற்றுவார். பூங்காவில் யார் இருக்கிறார்கள்? டிக்கெட் கிழிப்பவன் இருக்கிறான்!

அக்காவின் ஒரே மகன் முர்தானா, குறுவாள் ஆட்டக்காரன். அவன் ஆடும்போதெல்லாம் அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள்.

வருஷத்துக்கு ஒருமுறை முகமூடிகளுக்குப் படையல் போடும் திருநாளுக்கு மறுநாள் காலை ஆட்டம். எங்கள் குழு ஆட்டக்காரன் ரெனா ரங்டா வேஷத்தில் நின்றான். குறுவாள் ஆட்டக்காரர்கள் மொண்ணைக் குறுவாள்களை மார்பில் அழுத்தி வளைத்துக் காட்டினார்கள். நிறுத்தச் சொல்லும் அடியை அடித்தேன். எல்லோரும் நிறுத்தினார்கள். முர்தானா நிறுத்தவில்லை.

மறுபடி அடித்தேன். அவன் கண்ணில் கருவிழியே தெரியவில்லை. மார்பில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

"ஐயோ, கூடைய மாத்திக் குடுத்துட்டேன்டா தம்பி! பெரியவள, உயிருள்ளவள வெளிய விட்டுட்டேன்!" என் முதுகுக்குப் பின்னால் அக்கா அலறினாள்.

"கத்தாதக்கா, தீர்த்தம் இருக்கா அறையில?"

அதற்குள் ஓடிவிட்டாள். நான் மத்தளத்தைப் போட்டுவிட்டு மேடைக்குப் பாய்ந்தேன். மூன்று பேர் பிடித்தும் அவன் கை அடங்கவில்லை. ரெனா மூலையில் நின்று முகமூடியைக் கழற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு படம் பிடித்தது. தூ, நாசமாய்ப் போக!

அக்கா தீர்த்தச் செம்போடு திரும்பி வந்தாள். தண்ணீரை மகன் முகத்தில் அடித்தாள், ரங்டா முகத்தில் அடித்தாள், கீழே விழுந்து கும்பிட்டாள். முர்தானா துவண்டு சரிந்தான். கைதட்டல் அடங்கவே இல்லை.

அறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், அவள் சுவரோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அதான் பொழச்சுட்டானே. இன்னும் என்னக்கா?"

"நான் மாத்திக் குடுக்கலடா. பெரியவ உள்ளதான் இருக்கா. பூசாரி கட்டின நூலு கட்டினபடியே இருக்கு."

"அப்ப ரெனா மாட்டினது?"

"வெறும் கட்டைதான். படையல் வெக்கிறப்ப, ஒருத்திக்குப் போட்டுட்டு இன்னொருத்திய பாக்க வெக்க மனசு வரலடா. வருஷா வருஷம் அதுக்கும் ஒரு இலை வெச்சேன். பூவும் சோறும் வெச்சுப் பேசுவேன். பெத்தவ கணக்கா."

"இனிமே வெக்காத, விடு."

அப்போதுதான் மேனேஜர் பல்லெல்லாம் தெரிய அங்கே வந்தார்.

"சுகெர்தி, பிரமாதம் போ! அந்தத் தண்ணி தெளிக்கிறது, விழுந்து கும்புடுறது எல்லாம் ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நாளையிலிருந்து தினம் செஞ்சிரு."

"முகமூடிய மாத்துங்க ஐயா, பூசாரிய கூப்பிடுங்க," என்றேன்.

"பௌர்ணமிக்கு வருவாரு, பாத்துக்கலாம். அதுவரைக்கும் பஸ்ல வர்றவங்க காத்துக்கிட்டு இருப்பாங்களாய்யா?"

மறுநாள் காலை. முர்தானா காயத்தின்மேல் கட்டுப் போட்டுக்கொண்டு, காதில் பூ செருகிச் சிரித்தபடி நின்றான். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது கூடைக்கு முன்னால் அக்கா இலை போட்டு, சோறு வைத்துக்கொண்டிருந்தாள். திருநாளுக்குப் போடுவதைவிடப் பெரிய இலை.

"அறிவிருக்கா உனக்கு? வெக்காதன்னு சொன்னேனே!"

அவள் இன்னும் ஒரு கைப்பிடிச் சோறு அள்ளி இலையில் வைத்தாள்.

"சாப்பிட்டுப் பழகிருச்சேடா. பசியோட மேடைக்கு அனுப்பினா, எதுக்க நிக்கிறது எம்புள்ளதானே."