கிரகணத்தன்று அறுத்த சோளத்தட்டு

ஏரியூர் ஜெயபிரியா, அத்தை மகன் முனிராஜைக் கட்டிக்கொண்டு இண்டூருக்கு வந்தவள். மகள் தீர்த்தனா பிறக்கும்போதே தலை சிறுத்திருந்தது. உடம்பு வளர்ந்தது, தலை அதற்கு ஈடாக வளரவில்லை. மூன்று வயதில்தான் நடந்தாள். ஏழு வயதிலும் பத்துப் பன்னிரண்டு சொல்தான் பேச்சு.

"வயித்துப் புள்ளையோட கிரகணத்தன்னைக்குப் போயி மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்தா, வேற எப்படிப் பொறக்கும்?" என்று மாமியார் நஞ்சம்மாள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். ஜெயபிரியா அதை ஏழு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சென்ற ஆண்டு பெங்களூரில் மூவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா தாளில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு ஓரத்திலும் புள்ளி வைத்தார்.

"ஒரு செல் ரெண்டாப் பிரியறப்போ இந்த ரெண்டு புள்ளியும்தான் ஆளுக்கொரு பக்கமா இழுத்துப் பிடிக்கும். புள்ளி ஒழுங்கா அமைய ஒரு புரதம் வேணும். பாப்பாவுக்கு அது சரியா உருவாகலை. அதனால கருவிலேயே மூளைக்கு வேண்டிய செல்கள் போதுமான அளவு பெருகலை. உங்க ரெண்டு பேர்கிட்டயும் அந்த மரபணு ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. பாப்பாவுக்கு ரெண்டு பழுதும் வந்து சேர்ந்திருச்சு. சொந்தத்துல கட்டினா இதுக்கு வாய்ப்பு அதிகம்."

ஜெயபிரியா மெல்லக் கேட்டாள்: "கிரகணத்துல தட்டு அறுத்ததால இல்லீங்களா?"

"இல்லம்மா. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல."

அவள் வாய்விட்டு அழுதாள். முனிராஜ் மகளைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டான்.

ஊர் திரும்பினால், அவளுடைய தங்கை பிரியதர்ஷினியை முனிராஜின் தம்பிக்கு நிச்சயம் செய்ய நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்துட்டுத் தேதி வைங்க, அத்தை" என்றாள் ஜெயபிரியா. அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உரக்க எழுந்ததில்லை.

"எம் பேத்தியக் கொறை சொல்லி எம் மவன் கல்யாணத்த நிறுத்தறியா?"

"எம் புள்ள மேல கொறையில்லீங்க. எம் மேலயும் இல்லீங்க."

பரிசோதனையில் இருவரிடமும் அதே பழுது இருந்தது. சம்பந்தம் நின்றுபோனது. நஞ்சம்மாள் பல நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க வூட்டு ரத்தத்துலயும் இருக்குதாம். மருமவள மட்டும் சொல்லி என்ன பண்றது?" என்று அவள் சொன்னது ஜெயபிரியாவின் காதில் விழுந்தது.

அக்காவோடு பேசாமலிருந்த பிரியதர்ஷினி, இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு வந்தாள். தீர்த்தனா அதைப் பிடுங்கிச் சித்தியின் கையிலேயே மாட்டப் பார்த்தாள். பிள்ளை வளையல்; ஏறவில்லை. விடாமல் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.