வெர்னாவுக்குப் பின்னால் ஒரு மணி நேரம்

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று யாராவது கேட்டால் வெர்னா ஹாலக் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். "பட்டன் அமுக்குறேன்." ஏதோ லிஃப்ட் இயக்குகிற வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும். பத்தொன்பது வருடமாகச் சூதாடித்தான் சாப்பிடுகிறேன் என்று உண்மையைச் சொன்னால் ஒன்று பரிதாபப்படுகிறார்கள், இல்லையென்றால் இன்றைக்கு எந்த மெஷின் கொட்டும் என்று காதைக் கடிக்கிறார்கள். அவளுக்கு இரண்டும் ஆகாது.

லாஸ் வேகாஸின் பளபளப்பெல்லாம் ஊர் நடுவில்தான். எங்கள் பவுல்டர் நெடுஞ்சாலைப் பக்கம் குழாய் ரிப்பேர்காரர்களும் ஓய்வுபெற்ற லாரி டிரைவர்களும்தான் கேசினோவுக்கு வருவார்கள். அங்கே சில்வர் பரோ என்று ஒரு கேசினோ. அதில் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஆறு பழைய வீடியோ போக்கர் மெஷின்கள் வரிசையாக நிற்கும். ஆறாவது வெர்னாவுடையது. விலை கொடுத்து வாங்கவில்லைதான், ஆனாலும் அவளுடையது. காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தால் மத்தியானம் ஒன்றுவரை எழுந்திருக்க மாட்டாள். நடுவில் எழுந்தால் நாற்காலியை மெஷின்மேல் சாய்த்துவைத்துவிட்டுப் போவாள். சாய்ந்த நாற்காலி என்றால் ஆள் இருக்கிற இடம் என்று அர்த்தம். எங்கள் பக்கம் முட்டக் குடித்தவன்கூட அதில் கை வைக்க மாட்டான்.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. திரையில் ஐந்து சீட்டு வரும். வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை வீசிவிட்டு, வீசின கணக்குக்குப் புதுச் சீட்டு வாங்க வேண்டும். இந்த மெஷினில் ரெண்டாம் நம்பர்ச் சீட்டுதான் ஜோக்கர். எந்தச் சீட்டாகவும் மாறிக்கொள்ளும். ஒவ்வொரு கைக்கும் எதைப் பிடிப்பது, எதை வீசுவது என்று சரியான விடை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைப் பிசகாமல் ஆடினால் நூறு டாலர் ஆட்டத்துக்கு முக்கால் டாலர் ஆடுகிறவர் பக்கம் மிஞ்சும். ஒரு நாளில் மிஞ்சாது, ஒரு மாதத்திலும் மிஞ்சாமல் போகலாம். வருடக் கணக்கில் மிஞ்சும். கைக்கு ஒன்றேகால் டாலர், மணிக்கு எண்ணூறு கை, ஆக மணிக்கு ஏழு டாலர் சொச்சம். ஹாம்பர்கர் கடையில் நின்றாலும் ஏறக்குறைய அதேதான் கிடைக்கும், ஆனால் அங்கே மேனேஜரின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே காபி இலவசம். மாதத்துக்கு ஒருமுறை பரிசுப்பொருள் வேறு. வெர்னாவின் வீட்டில் ஒன்பது ரொட்டி வாட்டுகிற மெஷின்கள் பெட்டி பிரிக்காமல் கிடந்தன.

இந்தப் பிழைப்பில் ஒரு கொடுமை உண்டு. நன்றாக ஆடுகிறவரும் தோற்பார், கண்டபடி ஆடுகிறவரும் ஜெயிப்பார். வெர்னாவுக்கு மூன்று மாதமாகக் கை ஓடவில்லை. இப்படிப்பட்ட வறட்சிகளை அவள் நிறையப் பார்த்தவள், அதனால் கலங்கவில்லை. அந்த வியாழக்கிழமை கோரசான் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் மூன்று மாதம் கலங்காமலே இருந்திருப்பாள்.

கோரசான் அந்தத் தளத்தில் வேலை பார்க்கிறவள். பிலிப்பைன்ஸ்காரி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த வழியாகப் போகிறவள். வெர்னாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அய்யோ அக்கா, ரெண்ட தூக்கிப் போட்டுட்டீங்களே!"

"எங்க?"

"இப்பத்தான், நடுவுல இருந்துச்சே. ஜோக்கர யாராச்சும் வீசுவாங்களா?"

"பட்டன் ஒட்டிக்குது. நாலு நாளா சொல்லணும்னு இருந்தேன்."

மெக்கானிக் வந்து பட்டனைக் கழற்றினார், துடைத்தார், பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தார். பட்டன் ஜம்மென்று இருந்தது. வெர்னா அவருக்கு ஐந்து டாலர் டிப்ஸ் கொடுத்து அனுப்பினாள். அன்று முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரெண்டை வீசினது அவளுக்கு நினைவே இல்லை.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் அவள் ஆர்லோ பிக்கெட்டைப் பிடித்தாள். ஆர்லோ மூன்றாம் மெஷின்காரர், பழைய தபால்காரர். பதினேழு வருடமாக இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சண்டை போடுகிறவர்கள்.

"யோவ், நாளைக்குக் கொஞ்சம் எனக்குப் பின்னாடி உக்காருறியா?"

ஆர்லோ முட்டையைக் கிண்டுவதை நிறுத்தினார். "எதுக்கு? நீ நல்லாத்தான் ஆடுற."

"உக்காருறியா, மாட்டியா?"

"உக்காருறேன் தாயே, கத்தாத."

பின்னால் உட்காருவது என்றால் எங்கள் பக்கம் ஆடிப் பிழைக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒருவர் ஒரு மணி நேரம் ஆட வேண்டும், இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்க்கிறவர் மூச்சு விடக்கூடாது. தப்பு ஒவ்வொன்றுக்கும் கேனோ என்கிற எண் குலுக்கல் ஆட்டத்து இலவசத் தாளில் இலவச கிரேயானால் ஒரு கோடு. மணி முடிந்ததும் தாளை நீட்டிவிட வேண்டும், ஆறுதல் வார்த்தை கூடாது. நாலு கோடுவரை மனித சுபாவம். அதைத் தாண்டினால் மிஞ்சுகிற முக்கால் டாலரும் போய்விடும், எழுந்துவிட வேண்டியதுதான். பார்த்தவருக்குக் கூலி, ஆடினவர் செலவில் காலைச் சாப்பாடு.

ஆர்லோவுக்குக் கண்புரை வந்தபோது வெர்னாதான் பின்னால் உட்கார்ந்தாள். பதினொரு கோடு. தாளை அவர் மடியில் போட்டுவிட்டு, "போய்க் கண்ண அறுத்துட்டு வாய்யா" என்றாள். ஆர்லோ இரண்டு வாரம் பேசவில்லை, அதன்பின் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து நன்றி சொன்னார். வெண்டெல் என்று ஒருவனுக்கு ஆர்லோ பத்தொன்பது கோடு போட்டார். அவன் இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான், நன்றாகவே இருக்கிறான்.

வெர்னாவுக்கு பஸ் ஓட்டத் தெரியாது. வயது அறுபத்தாறு. சம்பளம் என்று எங்கேயும் காட்டாத பத்தொன்பது வருடத்துக்கு அரசாங்கம் தருகிற ஓய்வூதியம் பூனைக்குத் தீனி வாங்கத்தான் காணும். ஆட்டம் போனால் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிற பஹ்ரம்ப் ஊரில் தங்கை வீட்டுப் பின்னறைதான். தங்கை நல்லவள், ஆனால் நாள் முழுக்கப் பேசுகிறவள். அன்று ராத்திரி வெர்னாவுக்கு அழுகை வந்தது அதை நினைத்தல்ல. தன் கைமேல் அவள் வைத்திருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமில்லை. வாழ்க்கையில் வேறு எதையும் அவள் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை, அதுதான் வலித்தது.

இன்னொரு கவலையும் இருந்தது. ஆர்லோ முன்பு போல இல்லை. மனைவி பெர்னடீன் இறந்த பிறகு மனிதர் இளகிவிட்டார். வெர்னாவின் காபிக்கு அவரே பால் ஊற்றிக் கொண்டுவருகிறார். "குண்டம்மா" என்று கூப்பிட்டவர் போன மாதம் "இந்தச் சட்டை உனக்கு நல்லாருக்கு" என்றார். இப்படிப்பட்ட ஆள் கோடு போடுவாரா என்று அவளுக்குச் சந்தேகம். பல் தேய்க்கும்போது அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆர்லோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தாளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஆரம்பி."

வெர்னா ஆடினாள். விரல்கள் தாமாக ஓடின. எல்லாம் சரியாகத்தான் போவதாகத் தோன்றியது. தப்பென்று எதுவும் தட்டுப்படவில்லை. பத்து நிமிடத்தில் பயம் தெளிந்து, பழைய சுகம் வந்துவிட்டது.

இருபத்தைந்தாவது நிமிடம் அவள் காத்திருந்த கை வந்தது. இரண்டு பத்து, இரண்டு ஐந்து, ஒரு ராஜா. புதிதாக வருகிறவர்கள் இரண்டு ஜோடியையும் பிடிப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இந்த ஆட்டத்தில் இரண்டு ஜோடிக்குச் சல்லிக்காசு கிடையாது. ஒரு ஜோடியையும் ராஜாவையும் வீசிவிட்டு மூன்று சீட்டு வாங்குவதுதான் சரி. எங்கள் பக்கம் இது அரிச்சுவடி, ஆர்லோ தூக்கத்தில்கூட இதைத் தவறவிட மாட்டார். வெர்னா வேண்டுமென்றே நான்கு சீட்டையும் பிடித்தாள். விரல் போகவே மறுத்தது, அதட்டித்தான் அமுக்கினாள். வந்து விழுந்தது இன்னொரு பத்து. தப்பான கைக்கு மெஷின் சந்தோஷமாகக் கூவிப் பணம் கொடுத்தது.

பின்னால் கிரேயான் கீறுகிற சத்தம் கேட்டதா? மெஷின் கூவலில் ஒன்றும் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு அவள் கையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். "சொல்லு."

ஆர்லோ தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "சுத்தம்" என்றார். "ஒண்ணுகூட இல்ல. கோரசான் கண்ணுக்குத்தான் வைத்தியம் பாக்கணும். வா, சாப்பிடப் போலாம், பசிக்குது."

வெர்னா எழுந்திருக்கவில்லை, கையை நீட்டினாள்.

"தாளக் குடு."

"வெத்துத் தாள எதுக்கு..."

"குடுய்யா."

ஆர்லோ கொடுக்கவில்லை. அவளே அவர் பைக்குள் கையை விட்டு எடுத்துப் பிரித்தாள். கறுப்பாக ஏழு கோடுகள், ஒவ்வொன்றும் நேராக, அழுத்தமாக. தபால்காரரின் கை பொய் எழுதவில்லை, வாய்தான் சொன்னது.

"பத்தும் அஞ்சும் நான் வேணும்னே பண்ணது" என்றாள் வெர்னா. "நீ சொல்றியா பாக்கலாம்னு."

ஆர்லோ தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியும். நீயாவது, ரெண்டு ஜோடியப் பிடிக்கிறதாவது. அதுக்கும் சேத்துதான் கோடு போட்டேன்."

"மிச்சம் ஆறு?"

அவர் கிரேயானைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரெண்ட வீசினனா?"

"ரெண்டு தடவை."

வெர்னா அந்த ஒரு மணி நேரத்தை மனதுக்குள் தேடிப் பார்த்தாள். பத்து வருடத்துக்கு முந்தைய கையைக்கூடச் சொல்லக்கூடியவள் அவள். இப்போது துழாவத் துழாவ ஒன்றும் கிடைக்கவில்லை. "எனக்கு ஒண்ணுகூடத் தெரியல ஆர்லோ" என்றாள். "நல்லா ஆடுறதாத்தான் நெனச்சேன். பயமா இருக்குய்யா."

"மெதுவா ஆடிப் பாரேன். டாக்டர்கிட்டப் போவோம், நான் வண்டி ஓட்டுறேன். எனக்கு வந்த மாதிரி கண்ணாத்தான் இருக்கும்."

"கண்ணு நல்லாத் தெரியுது. உன் மூக்குல இருக்குற முடியெல்லாம் தெரியுது." கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "பதினேழு வருஷத்துல இதுதான் நீ சொன்ன மொதப் பொய். ஏன்யா சொன்ன?"

ஆர்லோ தன் நாற்காலியை மூன்றாம் மெஷின் பக்கம் திருப்பித் தள்ளினார். "நீ பஹ்ரம்ப்புக்குப் போயிட்டா காலையில நான் யாருகூடச் சண்ட போடுறது, குண்டம்மா?"

வெர்னாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் மேல் என்றைக்கும் இல்லாத பிரியம்தான் வந்தது. அதை அவரிடம் சொல்லிவிடவும் செய்தாள், அவள் வழக்கப்படி, "நீ ஒரு கிறுக்கன்யா" என்று. தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மெஷினில் மிச்சமிருந்த பணத்துக்கு ரசீது எடுக்கிற பட்டனை அமுக்கினாள். ரசீது அச்சாகி நாக்கை நீட்டியது.

"டாக்டர்கிட்டத் திங்கக்கிழமை போலாம்" என்றாள். "இப்ப சாப்பிட வா. பாத்தவனுக்கு நான்தான் சோறு போடணும்."

"பொய் சொன்னவனுக்குமா?"

"கோடு போட்ட கைக்குப் போடுறேன். வாயி சும்மா பாத்துட்டிருக்கட்டும்."

இருவரும் பத்தடி போயிருப்பார்கள். பின்னாலிருந்து கோரசான் குரல் கொடுத்தாள். "அக்கா, நாற்காலியச் சாய்க்காமப் போறீங்க! யாராச்சும் வந்து உக்காந்துடப் போறாங்க. நான் சாய்ச்சு வைக்கட்டுமா?"

வெர்னா நின்றாள். ஆறாம் மெஷின் முன்னால் நாற்காலி நான்கு காலிலும் நேராக நின்றது. பத்தொன்பது வருடத்தில் மத்தியானம் ஒன்றுக்கு முன்னால் அவள் அதை அப்படி விட்டுவிட்டுப் போனதில்லை.

"வேணாம்மா" என்றாள். "உக்காரட்டும்."