பதினோராம் நிமிடத்துக்குப் பிறகு

ஆடிக் காற்று புழுதியை வாரிக் கொட்டிய ஒரு காலையில் என் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் தேர்வுக்குப் படித்துவிட்டு ஒழுங்காக அணைத்துத்தான் வைத்திருந்தேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பு. அதில் வெள்ளையாக ஒரு வரி, டிரைவ் எதுவும் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னது.

எஸ்.எஸ்.டி. என்கிற அந்தப் புது டிரைவைப் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் ரொம்ப நொண்டுகிறது என்று ராமநாதபுரத்துக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தது. "இதுல சுத்துற சாமான், ஆடுற சாமான் ஒண்ணுமே கெடையாது தம்பி. கீழ போட்டாக்கூட ஒண்ணும் ஆகாது" என்றார். நான் கீழே போடவே இல்லை.

பெட்டியைத் திறந்து வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். வேறு வயர் மாற்றினேன். முனையை ரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். அதே வரிதான் வந்தது. படிப்புக் குறிப்புகள் போனால் மறுபடி எழுதிக்கொள்ளலாம். சான்றிதழ்கள் காகிதமாக டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. வேறெங்கும் இல்லாதது ஒன்று மட்டும் உள்ளே இருந்தது. நாற்பத்தேழு நிமிடம் ஓடும் ஒரு ஒலிப்பதிவு. மாசியில் அய்யா செத்த அன்று அம்மா வைத்த ஒப்பாரி.

அய்யாவுக்கு இருந்த ஒரே போட்டோ ஆதார் அட்டையில் இருந்ததுதான். குரல் எதிலும் இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் நான். குளிக்கப் போகும் முன் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு சித்தியிடம் கொடுத்து, "அம்மா பக்கத்துல வச்சிருங்க" என்று மட்டும் சொன்னேன். பதினாறாம் நாள் கழிந்து கேட்க உட்கார்ந்தேன். எங்கள் மிளகாய்க் காட்டில்தான் அம்மா தொடங்கியிருந்தாள்.

"மொளகாக் காட்டுக்குள்ள மோரு கொண்டு வாரையில
மூச்சுவிடாம நின்னு குடிச்சீகளே..."

அப்படியே கிணறு, மழை தப்பிய வருடங்கள் எல்லாம் வந்தன. பதினோராவது நிமிடத்தில் குரல் மாறியது.

"பள்ளிக்கூட வாசலில பகலெல்லாம் நின்னீகளே..."

நான் நிறுத்திவிட்டேன்.

கடலாடியில் ஆறாவது சேர்ந்த புதிது. ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் அய்யா நின்றார். காட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். சட்டை இல்லை, தலையில் துண்டு, கால் முழுக்கக் கரிசல். பக்கத்தில் நின்றவன், "ஏலே, யாரோ இங்கன கைகாட்டுறாக, உங்காளா?" என்று கேட்டான். "தெரியலடா" என்று சொல்லிவிட்டுக் கக்கூசுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். மணி அடித்தபின் பார்த்தேன், அவர் இல்லை. வீட்டிலும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் ஒளிந்ததை அவர் பார்த்தாரா? அம்மாவிடம் சொல்லியிருந்தால் அது அடுத்த வரியில் இருக்கும். அதைக் கேட்கும் தெம்பு எனக்கு வரட்டும் என்று ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன்.

ஒரே இடத்தில் ஏன் வைத்திருந்தாய் என்று படித்தவர்கள் கேட்பார்கள். போனில்தான் முதலில் இருந்தது. அம்மா விடவில்லை. "சாவு ஓலத்தச் சட்டப்பையில வச்சுக்கிட்டு நாலு நல்ல காரியத்துக்குப் போவியாலே? அழி அத" என்றாள். அக்காவுக்கு அனுப்பப் போனேன். அவளுக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. "வயித்துப்பிள்ளையோட இருக்கேன், எனக்கு அனுப்பாதடா, கும்பிடுறேன்" என்றாள். சித்தப்பாவும் வேண்டாம் என்றார். எங்கள் பக்கம் ஒப்பாரியை யாரும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் கம்ப்யூட்டர் மட்டும்தான் வாங்கிக்கொண்டது.

கடைக்காரர் டிரைவைத் தன் மிஷினில் சொருகிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "காட்டவே இல்லியே தம்பி. பழைய ஹார்ட் டிஸ்க்னா சாகுறதுக்கு முன்ன கடகடன்னு ஒரு சத்தமாச்சும் குடுக்கும். இது பொசுக்குன்னு போயிரும், வாயில்லாத சீவன்." செத்த டிரைவிலிருந்து பதிவுகளை மீட்டெடுக்கிற மதுரைக் கடை ஒன்றுக்கு அனுப்பினார். இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தது. உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறதாம். அதைப் படித்துக் காட்டுகிற சில்லுதான் போய்விட்டதாம். சேமித்தபோதே பூட்டுப் போட்ட மாதிரி எழுதியிருப்பதால், அந்தச் சில்லு இல்லாமல் யாராலும் படிக்க முடியாதாம்.

பாடியவள் வீட்டில்தானே இருக்கிறாள் என்று நினைத்து, அன்று அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவள் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்குப் பாடுனத ஒருதடவ பாடுறியா?"

கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். "கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கவா? எமனுக்குச் சொல்லிவிடச் சொல்றியா? பிள்ளத்தாச்சி பெத்துப் பொழைக்க வர்ற வீடு."

"பாட வேணாம். சும்மா சொல்லு."

"பாட்டா அது, சொல்றதுக்கு? அழுதேன். அழுதது நெனப்புல நிக்குமா?" கட்டையை எடுத்து அடுக்கில் வைத்துவிட்டு அவளே கேட்டாள். "அந்தச் சில்லுப் பெட்டிக்குள்ள இன்னும் இருக்கா அது?"

"இருக்கு. கேக்கத்தான் முடியாது."

"அப்பச் சரி. ஒங்கக்கா வர்றதுக்கு முன்ன அத வீட்ட விட்டு எடுத்துரு."

எங்கே எடுத்துப் போவது? என் பைக்கின் பெட்ரோல் டேங்க் கவரில் இருக்கும் பைக்குள் போட்டுவைத்தேன். சீட்டுக்கட்டைக் கொஞ்சம் அகலமாக்கித் தட்டையாக்கின அளவுதான். கனமே இல்லை.

ஆவணி முதல் வாரம் பக்கத்து ஊரில் ஒரு சாவு. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. வண்டியில் அவளைக் கூட்டிப்போனேன். இறங்கினதும் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு பெண்கள் வட்டத்துக்குள் போய்க் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள். நான் பந்தலில் ஆண்களோடு நின்றேன். கொட்டு அடித்துக்கொண்டிருந்தது. செத்தவருக்காக நாலு வரி பாடினாள். சாவு வீட்டில் பெண்கள் அடுத்தவர் சாவோடு நிறுத்திக்கொள்வதில்லை, தங்கள் வீட்டுச் சாவையும் சேர்த்தே அழுவார்கள். கொட்டு சற்று ஓய்ந்தபோது கேட்டது.

"பள்ளிக்கூட வாசலில..."

சட்டைப்பையில் கை வைத்தேன். போன் பாதி வெளியே வந்துவிட்டது. அதற்குள் செத்தவரின் மகன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். துக்கத்துக்கு வந்தவர்கள் கை கொடுத்தாக வேண்டும். போனை உள்ளே தள்ளிவிட்டு இரண்டு கையையும் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டாக மாப்ள" என்று விம்மினான். எப்படி உருவிக்கொள்வது? அவன் விடும்போது கொட்டு மறுபடி தொடங்கியிருந்தது. அம்மாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

திரும்பி வரும்போது அவளுக்குக் குரல் கம்மியிருந்தது. கண்மாய்க்கரை ஏறியதும் கேட்டேன்.

"அம்மா, நான் ஆறாப்புப் படிக்கையில அய்யா ஒருநா பள்ளிக்கூடத்துக்கு வந்தாகளா?"

வண்டி குலுங்கியதில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தாக."

"என்னமும் சொன்னாகளா?"

"பிள்ளையப் பாக்க முடியல, உள்ள படிக்கிறான்னு சொன்னாக." என் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துச் சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேரா கொல்லப்பக்கம் விடு. குளிக்காம வீட்டுக்குள்ள போகக்கூடாது."

அவர் பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாரா, தெரியவில்லை. பேச்சில் அம்மா சொன்னது இவ்வளவுதான். மற்றது டேங்க் கவருக்குள் இருந்தது. கொல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் குளித்து முடிக்கும்வரை வெளியே நின்றேன்.