லேசான சக்கரம்

என் மாமா எதையும் எடை போட்டுப் பார்த்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசுவார். அம்மாவின் தம்பியான அவர் பெங்களூரில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக். மீன் விற்பவர்கள் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசு ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக என் பள்ளிக்கூடப் பையை அதில் மாட்டி எடை பார்த்துவிட்டு, கல்வி முறையைத் திட்டுவார். ஒருமுறை பக்கத்து வீட்டுச் சேவலையும் மாட்டி, அந்த வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது வத்தல்மலை அடிவாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் அறிவித்தார்கள். தார் ரோடு கிடையாது, கரடும் கல்லும் ஓடைப் பள்ளமும்தான் பாதை. ஓட்டப்பந்தயத்தில் என்னைத் தோற்கடிக்க எங்கள் பள்ளியில் ஆளே இல்லை என்ற திமிர் எனக்கு உண்டு. மலைப்பாதைக்கான சைக்கிள் மட்டும் இருந்தால் போதும் என்று மாமாவிடம் போனில் அழுதேன். அவரும் ஒரு பழைய அலுமினிய ஃபிரேமுக்குக் கியரும் பிரேக்கும் பூட்டி, கூடவே இரண்டு ஜோடிச் சக்கரங்களைக் கொண்டுவந்தார்.

"ஃபிரேமு எதுவா இருந்தாலும் ஓட்டிரலாம் கண்ணு. ஏத்தத்துல உசுர எடுக்கறது சக்கரந்தான். அதுல கொறையற ஒவ்வொரு கிராமும் உன் காலுக்கு மிச்சம்" என்றார் மாமா. ஒரு ஜோடி புத்தம் புதியது, கனமானது. இன்னொரு ஜோடி யாரோ ஓட்டியது. டயரோடு சேர்த்தும் அதை ஒரு விரலில் தூக்க முடிந்தது. மாமா அதன் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் காட்டினார். எல்லாம் ஒரே சத்தம் கொடுத்தன. கல்லில் மோதினாலும் வளையாதாம், பெண்டு எடுக்கிற வேலையே வராதாம். யாருடையது என்று கேட்டேன். ஒரு பெங்களூர்ப் பையன், வெளிநாடு போய்விட்டான் என்றார். நான் லேசான ஜோடியைத்தான் தேர்ந்தெடுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

சைக்கிளைப் பூட்டி, அம்மாவின் தையல் மிஷின் இருந்த அறையில் தலைகீழாக நிறுத்தி வைத்தோம். மறுநாள் மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டுத் திட்டினார், சக்கரத்தைச் சுற்றி விளையாடாதே என்று. நான் அதுவரை பின்வாசலில் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தோம். பின்சக்கரம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. டிக், டிக், டிக் என்று ஃப்ரீவீல் சத்தம். கரண்ட் இல்லாததால் மின்விசிறி ஓடவில்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. சக்கரம் நின்றதும் அம்மா என் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்தார். வலித்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா சிரித்தார். "மூச்சு விட்டாக்கூட சுத்தும்க்கா, அவ்ளோ லேசு." ஆனால் எனக்கு வேறொன்று உறுத்தியது. அது நின்றபோது காற்றடிக்கும் வால்வு மேலே இருந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் கனம் இருப்பதால், சும்மா சுற்றிவிட்ட சக்கரம் வால்வு கீழே வரும்படிதான் நிற்கும் என்று மாமாவே சொல்லிக் கொடுத்திருந்தார். நான் வால்வுக்கு நேர் எதிரே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பத்து முறை சுற்றிவிட்டேன். பத்து முறையும் அந்தக் கோடு கீழே வந்து நின்றது.

மாமாவுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. டயரைக் கழற்றி, ட்யூபை உருவி, ரிம்மின் உட்பக்கம் ஒட்டியிருந்த நாடாவைப் பிரித்தார். கோட்டுக்கு நேரே ஒரு செப்புத் தாயத்து, சிவப்புக் கயிறு சுற்றி, பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தது. ஓட்டுகிறவனுக்கே தெரியாமல் யாரோ வைத்தது போலிருந்தது. மாமா அதைத் தராசில் மாட்டப் போனார். கொக்கியில் நிற்காததால் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "இருவது கிராம் இருக்கும், தண்டம்" என்றார். பேய் பிடிபட்ட சந்தோஷத்தில் நான் கைதட்டினேன்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிச் சுற்றிவிட்டார். சக்கரம் வெகுநேரம் ஓடிவிட்டு நின்றது. கோடு கீழே இருந்தது. மாமா மறுபடி சுற்றினார். மறுபடியும் கோடு கீழே. மூன்றாவது முறை சுற்றிவிட்டு அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். வாழ்க்கையில் அப்படியொரு பயத்தை நான் அதற்குப் பிறகு பட்டதில்லை.

"அந்தப் பையன் எங்கடா?" என்றார் அம்மா.

மாமா கை கழுவப் போனார். அம்மாவும் பின்னாலேயே போனார். கிணற்றடியில் இருவரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்த அம்மா தாயத்தை முந்தானையில் துடைத்து சாமி படத்தின் முன்னால் வைத்தார். "பெத்தவ வச்சது. அவளக் கேக்காம எடுத்திருக்கம். அவ வாயால சரின்னு சொன்னாத்தான் எம்பொண்ணு இதுல ஏறுவா. இல்லன்னா பந்தயமே வேணாம்" என்றார். மறுநாள் காலையில் பந்தயம். கனமான ஜோடியைப் பூட்டி ஓட்டுகிறேன் என்று கெஞ்சியும் அம்மா அசையவில்லை. முகம் தெரியாத ஒரு பெங்களூர் அம்மாளின் கையில் என் பந்தயம் போய் மாட்டிக்கொண்டதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மாமா கடைக்குப் போன் போட்டு நம்பர் வாங்கி, அந்த அம்மாளைப் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கன்னடத்தில் நெடுநேரம் தயங்கித் தயங்கிப் பேசினார். பிறகு அந்த அம்மாள் ஏதோ சொன்னார். மாமா என்னிடம் திரும்பி, "சக்கரத்தச் சுத்து கண்ணு. அந்தச் சத்தத்தக் கேக்கணுமாம்" என்றார்.

சக்கரம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று சோதிக்கிறார் போலும் என்று நினைத்தேன். பயத்தை விழுங்கிக்கொண்டு பலத்தையெல்லாம் சேர்த்துச் சுற்றினேன். மாமா போனைப் பக்கத்தில் பிடித்தார். டிக்டிக்டிக் என்று அறை முழுக்க நிறைந்த சத்தம் மெல்லத் தளர்ந்து, ஒவ்வொன்றாகி, நின்றது. போனிலிருந்து குரல் வந்தது.

"இன்னொந்து சல."

எங்கள் தெருவில் கன்னடம் பேசுகிற வீடுகள் உண்டு. இன்னொரு தடவை என்கிறார் என்று எனக்கே புரிந்தது. சுற்றினேன். மறுபடியும் "இன்னொந்து சல." ஆறேழு தடவை ஆகியிருக்கும். எனக்குக் கை ஓய்ந்தது. வாங்குகிற ஆள்கூட இப்படிச் சோதிக்க மாட்டாரே என்று முணுமுணுத்தேன். அம்மா என்னை முறைத்தார், ஆனால் அவர் கண் நனைந்திருந்தது. கடைசித் தடவை சக்கரம் நின்றபோது வால்வு கீழே இருந்தது. மாமாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓட்டலாமாம், ஆனால் தாயத்து இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமாம். மாமா மறுபேச்சில்லாமல் டயரைக் கழற்றினார். கிராம் கணக்குப் பார்க்கிற மனிதர் தாயத்தைப் பழைய இடத்திலேயே அழுத்தி ஒட்டினார்.

பந்தயத்தில் நான் நான்காவதாக வந்தேன். மூன்றாவதாக வந்தவளுக்கும் எனக்கும் ஒரு சைக்கிள் நீளம்தான் இடைவெளி. அந்த இருபது கிராம்தான் என் பதக்கத்தைப் பிடுங்கியது என்று அழுதுகொண்டே வீடு வந்தேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் மாமாவின் போன் அடித்தது. அவர் "பந்தித்தாளம்மா, பந்தித்தாளெ" என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எத்தனாவதா வந்தேன்னு கேட்டாங்களா மாமா?" என்றேன்.

"அதக் கேக்கல கண்ணு. வூட்டுக்கு வந்துட்டாளான்னு மட்டுந்தான் கேட்டாங்க."

பந்தயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத அம்மாள் என்று நினைத்துக்கொண்டேன்.